அடமானம் வேண்டாம், அவள் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கட்டும்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் போன வாரம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். மூத்த மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கட்-ஆஃப் 178. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமா, ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். நான்கு வருடத்துக்கும் சேர்த்து 12 லட்சம். வீட்டுப் பத்திரத்தின் நகல் வங்கிக்குப் போயாகிவிட்டது. பெண்ணோ "எனக்கு அது வேண்டாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கமான ஆறுதலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஆர்டினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, இரண்டு கண் வைத்தது போலிருக்கும் கேட்காத ஒலியால் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு சின்ன ஸ்பீக்கர். பெட்டிக்கு மேலே கையை உயர்த்தினால் சுருதி ஏறுகிறது, தாழ்த்தினால் இறங்குகிறது. எதையும் தொட வேண்டியதில்லை. சால்டரிங் எல்லாம் அப்பா கடையில் பழகியது. "ஆனா சார், எந்த எடத்துல எந்த ஸ்வரம்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது. காத்துலயே ஏதாவது பட்டா நல்லா இருக்கும்" என்றாள்.

அதைக் கேட்டதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். 1920 வாக்கில் ரஷ்யாவில் தெரமின் என்பவர் கண்டுபிடித்த, தொடாமல் வாசிக்கும் இசைக்கருவியிலும் இதே குறைதான். விரலுக்குத் தந்தியும் இல்லை, கட்டையும் இல்லை. காற்றிலேயே விரலுக்கு ஒன்றை உணர்த்த முடியுமா என்ற கேள்விக்கு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஷினோடாவின் குழு 2008-இல் ஒரு விடை காட்டியது: காதுக்குக் கேட்காத ஒலியாலேயே தொடுகை. 2013-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் சுப்பிரமணியனின் குழு, ஒரே நேரத்தில் பல புள்ளிகளில் அந்த உணர்வைக் கொண்டுவந்தது. அதிலிருந்து ஒரு நிறுவனமே பிறந்தது.

அது வேலை செய்யும் விதத்தை அப்பாவுக்கு அங்கேயே விளக்கினேன். உங்கள் மகளின் சென்சார் 40,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 40,000 அதிர்வில், ஒலி எழுப்புகிறது. மனிதக் காதுக்கு 20,000-க்கு மேல் கேட்காது. அதே 40,000 ஹெர்ட்ஸில் அதிரும், மின்சாரத்தை ஒலியாக மாற்றும் சின்னச் சின்ன டிரான்ஸ்டியூசர்களை, பதினாறுக்குப் பதினாறாக, 256 எண்ணிக்கையில் ஒரு பலகையில் அடுக்குகிறார்கள். தனியாக ஒன்று எழுப்பும் அலைக்கு ஒரு வலுவும் கிடையாது. தேர்வடத்தை ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது, எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் நகரும் இல்லையா? அதுபோல எந்த டிரான்ஸ்டியூசர் எத்தனை மைக்ரோ நொடி தாமதித்து ஒலிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, எல்லா அலையும் காற்றில் ஒரே புள்ளியில் ஒன்றாகப் போய்ச் சேரும்படி செய்கிறார்கள். அங்கே லேசான அழுத்தம் உண்டாகும். அந்த அலையின் நீளம் சுமார் 8.6 மில்லிமீட்டர் என்பதால், அந்தப் புள்ளியும் ஏறக்குறைய விரல்நுனி அகலம்தான் இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 40,000 ஹெர்ட்ஸ் அதிர்வு தோலுக்கும் உறைக்காது. நம் கையில் அதிர்வை உணரும் பசீனியன் நுண்ணுறுப்புகள் 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம்தான் நன்றாக விழித்திருக்கும். அதனால் அந்தப் புள்ளியை நொடிக்கு 200 முறை போல அணைத்து அணைத்து எரியவிடுகிறார்கள். அப்போதுதான் கையில் குறுகுறுவென்று படும். ஆக, இதில் பாதி எலக்ட்ரானிக்ஸ், பாதி மனித உடம்பு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். 2019-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதே முறையில் ஒரு சிறு தெர்மோகோல் மணியைக் காற்றில் நிறுத்தி, அதை அதிவேகமாக ஓட்டி, கண்ணுக்கு வண்ண உருவமும் காதுக்கு ஒலியும் விரலுக்குத் தொடுகையும் ஒரே கருவியில் காட்டினார்கள்.

சரி, இதற்கு என்ன படிக்க வேண்டும்? தாய்மாமா சொல்லும் பாதையை நான் விளக்கப் போவதில்லை, அதைச் சொல்லத் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள். நான் சொல்வது, அளக்கும் கருவிகளைப் பற்றிய எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன். கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நிரம்பி, ஈ.சி.இ. நிரம்பிய பிறகு பெரும்பாலானவர்கள் வேண்டாவெறுப்பாக எடுக்கும் பிரிவு இது. அந்த வேண்டாவெறுப்பைப் பார்த்தால் எனக்குக் கோபமாக வரும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-இல் தொடங்கியபோதே வைத்திருந்த பிரிவுகளில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜியும் ஒன்று. இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல் என்ற பெயரில் திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது, கோவை பி.எஸ்.ஜி.யிலும் இருக்கிறது. சென்சார், டிரான்ஸ்டியூசர், சிக்னல் ப்ராசசிங், கன்ட்ரோல் சிஸ்டம், கருவிக்குள்ளேயே வைக்கும் கம்ப்யூட்டரைப் பற்றிய எம்பெடட் என்று மேலே சொன்ன பலகைக்குத் தேவையான அத்தனையும் இந்த ஒரே பாடத்திட்டத்துக்குள் வருகிறது. அளந்ததை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கும் பழக்கத்தையும் இந்தப் படிப்பு கொடுக்கும். ஒருவர் கைக்கு உறைப்பது இன்னொருவர் கைக்கு உறைக்காத துறையில் அந்தப் பழக்கம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

கல்லூரியில் இரண்டாம் வருடமே அவள், ஒலியால் மணியை மிதக்கவிடும் டைனிலெவ் என்ற கருவியைச் செய்து பார்க்கலாம். 72 டிரான்ஸ்டியூசர், ஒரு ஆர்டினோ, ஒரு மோட்டார் டிரைவர் போர்டு போதும். 2017-இல் வெளியான செய்முறை, வரைபடம் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. சில ஆயிரம் ரூபாய் செலவில் தெர்மோகோல் மணி காற்றில் நிற்கும். மணிகள் 4.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு விட்டு ஏன் நிற்கின்றன என்று அவளே அளந்து கண்டுபிடிக்கட்டும். பட்டம் முடிந்ததும் சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு எழுதி, எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுகலைப் படிப்பில், மனிதர் கருவிகளைக் கையாளும் விதத்தை வடிவமைக்கும் இன்டராக்‌ஷன் டிசைன் சேரலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி.யில் அது உண்டு. எந்தப் பட்டம் படித்திருந்தாலும் எழுதலாம், வயது வரம்பு இல்லை, ஆனால் கை ஓவியம் பழகியிருக்க வேண்டும், அதை இப்போதே தொடங்கலாம். ஆராய்ச்சிதான் பிடிக்கிறது என்றால், சென்னை ஐ.ஐ.டி.யிலேயே தொடுகை தொழில்நுட்பத்துக்கென்று பேராசிரியர் மணிவண்ணனின் ஆய்வகம் இருக்கிறது.

அப்பாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "காற்றில் தொடுகை வடிவமைக்க ஆள் தேவை" என்று சென்னையில் விளம்பரம் வருவது அபூர்வம். 2017-இல் பி.எம்.டபிள்யூ. தொடாமல் இயக்கும் காற்றுத்திரை ஒன்றை லாஸ் வேகாஸில் காட்டியது. காட்டுவது வேறு, ஆயிரக்கணக்கில் விற்பது வேறு. ஆனால் சிக்னல் ப்ராசசிங்கும் எம்பெடடும் தெரிந்த பெண்ணுக்குக் கார் எலக்ட்ரானிக்ஸ், ஆடியோ கருவி, காது கேட்கும் கருவி, மருத்துவ அல்ட்ராசவுண்ட் என்று பக்கத்துக் கதவுகள் நிறைய உண்டு. சி, பைத்தான் இரண்டும் கற்றுக்கொண்டால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல சாஃப்ட்வேர் கம்பெனிகள் பிரிவைப் பார்க்காமல் எடுத்துக்கொள்கின்றன. மாமாவின் பயத்துக்கு அந்தப் பதில் போதும்.

பண விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 12 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 11,000 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். இரண்டு தம்பிகள் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகையில் கல்விக் கட்டணம் குறையும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் அது கிடையாது. அரசாங்கம் தருவதை விட்டுவிட்டு, பெண் வேண்டாம் என்று சொல்லும் படிப்புக்கு வீட்டை அடகு வைப்பதை நான் எப்படிச் சரி என்பேன்? லண்டனில் இந்தத் தொடுகைத் துறைக்கென்றே பட்டப்படிப்பு வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொன்னாராம். பதினெட்டு வயதில் அதுவும் வேண்டாம். வெளிநாட்டு ஆய்வகம்தான் ஆசை என்றால், பி.எச்.டி.க்கு உதவித்தொகையோடு போகட்டும்.

தாய்மாமா மேல் எனக்குக் குறை இல்லை. தன்னைக் கரையேற்றிய படகிலேயே மருமகளையும் ஏற்றப் பார்க்கிறார். ஆனால் நான்கு வருடம் வகுப்பில் உட்காரப் போவது அவர் இல்லை. தவணை கட்டப் போவதும் அவர் இல்லை. அவரையும் ஒரு நாள் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன், நானே பேசுகிறேன்.

ஐயா, நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. வங்கியில் கொடுத்த நகலைத் திரும்ப வாங்குங்கள். இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்கும் முன் மகளோடு வாருங்கள். எம்.ஐ.டி.யை முதலில் போட்டு, அதற்கடுத்து எவை எவை என்று மூவருமாக உட்கார்ந்து எழுதுவோம். அந்த அட்டைப்பெட்டியையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.