புதிதாகக் கையால் பூல் க்யூ செய்பவர் பெயர் எடுத்து விற்பது எப்படி?

க்யூ, அதாவது பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல், செய்யத் தெரிந்தும் வாங்க ஆள் வரவில்லை என்கிறீர்கள். சரி, ரிப்பேர் வேலையில் தொடங்குங்கள். தேய்ந்த தோல் முனையை மாற்றுவது, தோல் முனைக்குக் கீழே இருக்கும் ஃபெரூல் என்ற சிறு குழாய் விரிசல் விட்டால் புதிதாகப் போடுவது. தன் க்யூவை உங்களை நம்பித் தருகிறவர்தான் நாளைக்குப் புதியது கேட்பார்.

அமெரிக்காவில் இன்றும் கொண்டாடப்படும் ஜார்ஜ் பாலபுஷ்கா 1959-இல் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத்தான் க்யூ செய்ய ஆரம்பித்தார். நல்ல ஆட்டக்காரர்கள் கையில் அது புழங்கியதில் பேர் பரவியது. நீங்களும் உங்கள் ஊரில் நன்றாக ஆடும் ஒருவருக்கு ஒரு மாதம் ஆடக் கொடுங்கள். குறை சொன்னால் எழுதி வைத்துத் திருத்துங்கள்.

மரத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். க்யூவின் முன்பகுதியான மேப்பிள் மரக் கழியை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஒரே நாளில் 13 மில்லிமீட்டர் தடிமனுக்கு இறக்காதீர்கள். கொஞ்சம் கடைந்து, சில வாரம் தொங்கவிட்டு, மறுபடி கடையுங்கள். வளைகிற மரம் உங்கள் பட்டறையிலேயே வளையட்டும். மேசையில் உருட்டும்போது முனை ஏறி இறங்கினால், எவ்வளவு அழகான கழியானாலும் ஒதுக்கிவிடுங்கள். எனக்கும் அது வலிக்கிற வேலைதான்.

அப்புறம் விலை. புதியவரின் க்யூவைத் திரும்ப விற்க முடியுமா என்றுதான் வாங்குகிறவர் பயப்படுவார். அதனால் அலங்காரப் பதிப்பு வேலை அதிகமில்லாத எளிய க்யூக்களை, மரம், கூலி, தேய்மானம் கணக்கிட்டு நியாயமான விலைக்குக் கொடுங்கள். வளைந்தால் கழியை மாற்றித் தருவதாக எழுதிக் கொடுங்கள். முழு முன்பணம் வாங்காதீர்கள்; சொன்ன தேதி தள்ளிப்போனால் அவர் கேட்கும் முன்பே நீங்கள் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.