தலைச்சன் வரும் வீடு: வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி மாத்திரை, மாமியார், வளைகாப்பு இந்த மூன்றையே சுற்றுகின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

எனக்கு ஐந்தாம் மாதம். ஒரு மாதமாக விடாமல் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9.8-லேயே நிற்கிறது. காலை டிபன் முடிந்ததும் கால்சியத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டு காபி குடிப்பேன். மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வேறு. "இந்த மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்" என்கிறார் அத்தை. நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, குடியாத்தம்

நிறுத்தாதீர்கள். மாத்திரையில் குறையில்லை, போடும் நேரம்தான் தப்பு. காபி, டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. கால்சியமும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும். மூன்றையும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் அனுப்பினால் இரும்பில் பெரும்பகுதி வெளியேதான் போகும். மலம் கறுப்பதும் உடம்பில் ஏறாமல் மிஞ்சிய இரும்பால்தான். அதற்கும் குழந்தையின் நிறத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அத்தையிடம் இதைச் சொல்லலாம்.

நாளை இப்படி மாற்றிப் பாருங்கள். ஏழு மணிக்குக் காபி. எட்டரைக்கு டிபன், அதோடு கால்சியம் 500 மில்லிகிராம். கால்சியம் சாப்பாட்டோடுதான் நன்றாக ஏறும். பதினொரு மணிக்கு இரும்பு மாத்திரை, கூடவே அரை டம்ளர் எலுமிச்சைத் தண்ணீர் அல்லது ஒரு பெரிய நெல்லிக்காய். இவற்றின் வைட்டமின் சி இரும்பு ஏற உதவும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ, பால், மோர் எதுவும் வேண்டாம். மதியச் சாப்பாடு வழக்கம்போல. ராத்திரிச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். பதினொரு மணிக்குக் குமட்டினால், ராத்திரிக் கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிட்டு, இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கும்முன் இரும்பைப் போடுங்கள். தூக்கத்தில் குமட்டல் தெரியாது. ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.

கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ரத்தம் சரியாக இருப்பவருக்குத் தினம் ஒன்று போதும். உங்கள் அளவுக்கு இரண்டு தேவைப்படலாம், அதை டாக்டர் சொல்லட்டும். பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். கொக்கிப்புழு இருந்தால் எத்தனை மாத்திரை போட்டாலும் ரத்தம் ஏறாது. நேரத்தை மாற்றி ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஏறக்குறைய ஒரு புள்ளி கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் டிரிப்பில் இரும்பு ஏற்றும் வழி இருக்கிறது.

மலச்சிக்கலுக்குக் கொய்யா, வாழைத்தண்டு, கீரை, ராத்திரி ஊறவைத்த உலர்திராட்சை பத்து, நாளெல்லாம் தண்ணீர். பேதி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மருமகளுக்கு நாலாம் மாதம். பப்பாளி கூடாது, குங்குமப்பூப் பால் கொடு என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். இப்போது எல்லாமே மூடநம்பிக்கை என்கிறாள். எதைத்தான் விடுவது, எதை வைத்துக்கொள்வது?
– ஒரு மாமியார், விருதுநகர்

பாதி உங்கள் பக்கம், பாதி அவர் பக்கம் அம்மா. பப்பாளிக் காயில் வடியும் பால் கர்ப்பப்பையைச் சுருக்கக்கூடியது. அதனால் காயும் செங்காயும் வேண்டாம் என்பது சரிதான். நன்றாகக் கனிந்த பழத்தில் ஒன்றிரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டார் என்று வீட்டில் ரகளை செய்ய வேண்டாம். குங்குமப்பூ பாலுக்கு மணம் தரும், குழந்தைக்கு நிறம் தராது. நிறம் அப்பா அம்மா வழியில் வருவது. அந்தக் காசுக்குத் தினம் ஒரு முட்டை வாங்கிக் கொடுங்கள். முழுதாக வெந்த முட்டை, ஹாஃப்பாயில் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். சுறா மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன். அவற்றின் உடம்பிலிருக்கும் பாதரசமெல்லாம் இதன் உடம்பில் சேர்ந்துவிடும். குழந்தையின் மூளைக்கு அது ஆகாது. கர்ப்பகாலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் சுறாவை விட்டு நெத்திலி, மத்தி வாங்குங்கள். விலையும் குறைவு, முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் கிடைக்கும்.

ஷிப்டு வேலைக்குப் போகிறேன். மனைவிக்கு ஆறாம் மாதம். "நீ ஒன்றும் செய்வதில்லை" என்று தினமும் சண்டை. வீட்டில் நான் எதை எடுத்துச் செய்ய வேண்டும், நேரடியாகச் சொல்லுங்கள்.
– வாசகர், ஓசூர்

கனமானதும் வழுக்குவதும் இனி உங்கள் வேலை. சமையல் கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். அதை அவர் உருட்டவும் கூடாது, சாய்க்கவும் கூடாது. நீங்கள் நைட் ஷிப்டில் இருக்கும்போது தீர்ந்துபோனால்? வேலைக்குக் கிளம்பும்முன் தூக்கிப் பார்த்து, லேசாக இருந்தால் அப்போதே மாற்றிவிட்டுப் போங்கள். நிறைந்த வாளி, மாவு அரைக்கும் கிரைண்டர் கல், பரணில் இருக்கும் பாத்திரம், ஈரத் துணி மூட்டை எல்லாமே இந்தக் கணக்கில்தான்.

அடுத்தது பாத்ரூம். வயிறு முன்னால் தள்ளும்போது உடம்பின் எடை நிற்கும் இடம் மாறுகிறது, மூட்டுகளும் தளர்கின்றன. அதனால் இந்த மாதங்களில் சோப்பு வழுக்கல் சும்மா விடாது. வாரம் இருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டு நீங்கள் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். இந்தியன் டாய்லெட்டில் உட்காருவதில் கெடுதல் இல்லை. எழும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். சுவரில் ஒரு கைப்பிடியை ஆணி திருகிப் பொருத்துவது ஒரு மணி நேர வேலை. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போவார், வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

தண்ணீர் டிரம்முக்கு மூடி, படுக்கைக்குக் கொசுவலை. கொசுவத்திச் சுருளின் புகையில் அவரைத் தூங்கவைக்காதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் அதன் கழிவை அள்ளுவதும் நீங்களே.

கடைசியாக ஒன்று. இருவருடைய ரத்த வகையும் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா? மனைவி நெகட்டிவ், நீங்கள் பாசிட்டிவ் என்றால் டாக்டரிடம் அதை நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு. 28-வது வாரத்தில் ஒரு ஊசி போடுவார்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இந்தக் குழந்தையைவிட அடுத்த குழந்தைக்குத்தான் அது காப்பு.

சர்க்கரைப் பரிசோதனைக்குக் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீர் குடித்த பத்தாவது நிமிடம் வாந்தி. "பரவாயில்லை" என்று ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். சரியா?
– வாசகி, திண்டிவனம்

சரியில்லை. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் வேறொரு நாள் மறுபடி செய்ய வேண்டும், அந்த ரிசல்ட் செல்லாது. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரே மடக்காக இல்லாமல் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் குமட்டல் குறையும். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறாக இருந்தாலும் சாப்பிட்டிருந்தாலும் இதைச் செய்யலாம். சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னின்று பரப்பிய முறை இது. முதல் தடவை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை உண்டு.

ஏழாம் மாதம் மகளுக்கு வளைகாப்பு. ஐம்பது பேர் வருவார்கள், கலவை சாதம் வீட்டிலேயே செய்கிறோம். அளவு சொல்லுங்கள். வளையல் எந்த சைஸில் வாங்க?
– ஒரு அம்மா, கும்பகோணம்

ஆளுக்கு 100 கிராம் அரிசி, ஆக 5 கிலோ. புளியோதரைக்கும் தயிர் சாதத்துக்கும் ஒன்றேகால் கிலோ வீதம், எலுமிச்சைக்கும் தேங்காய்க்கும் ஒரு கிலோ வீதம், சர்க்கரைப் பொங்கலுக்கு அரைக் கிலோ. புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்து வையுங்கள். தேங்காய்ச் சாதம்தான் முதலில் ஊசிப்போகும், அதைக் கடைசியில் கிளறுங்கள். தயிர் சாதத்துக்கு நன்கு ஆறிய சாதத்தில் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்தால் பந்தி முடியும்வரை புளிக்காது. மகளுக்குச் சர்க்கரை இருந்தால் பொங்கல் வாய்க்குத் தொட்டுக்கொள்ள மட்டும்.

வளையல் வழக்கமான அளவுக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். 2.4 போடுபவருக்கு 2.6. கடைசி மாதங்களில் கை வீங்கும்போது இறுகிய கண்ணாடி வளையலை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். மோதிரத்தை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். மனையில் அரை மணிக்கு மேல் உட்காரவைக்காதீர்கள், முதுகுக்கு ஒரு தலையணை கொடுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும் சொந்தக்காரர்கள் கன்னத்தில் சந்தனம் பூச வேண்டாம், தூரத்திலிருந்தே வாழ்த்தட்டும்.

சாயங்காலம் கால் வீங்குவது சகஜம். முகமும் கையும் திடீரென்று ஊதி, தலை வலித்து, கண் மங்கினால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90-ஐத் தொட்டால் விசேஷம் நடுவில் இருந்தாலும் ஆஸ்பத்திரிதான் முதலில்.

கோயம்புத்தூரில் இருக்கிறேன், அம்மா வீடு தூத்துக்குடி. ஒன்பதாம் மாதம் அழைத்துப்போவதாகச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போகலாமா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?
– வாசகி, கோவை

ஒன்பது பிறக்கும்வரை காத்திருக்காமல் 34-வது வாரத்துக்குள் போய்விடுங்கள். அங்கே பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடம் குறைந்தது இரண்டு தடவையாவது முன்கூட்டிக் காட்ட நேரம் கிடைக்கும். முடிந்தால் ரயில், கர்ப்பிணிகளுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. காரில் போனால் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே தொடையை ஒட்டிப் போக வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். கால் நரம்பில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி. பஸ் என்றால் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள சீட் வேண்டாம்.

கைப்பையில், பெட்டியில் அல்ல: எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், ரத்த வகை எழுதிய காகிதம், ஆதார், காப்பீட்டு அட்டை, தாய்சேய் அட்டை, அதில் இருக்கும் 12 இலக்கப் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது தந்த எண்). ஊர் மாறினாலும் எண் மாறாது, புதிதாகப் பதிய வேண்டாம். பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்.

ஆஸ்பத்திரிப் பையை 36-வது வாரம் கட்டி வையுங்கள். அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைக் கெஜம் கெஜமாகக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்ட துணி பத்து. முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, பெரிய நாப்கின் இரண்டு பாக்கெட், பிளாஸ்க், டம்ளர், வழுக்காத செருப்பு, சார்ஜர். குழந்தைக்கு வாங்கிய புதுச் சட்டையைத் துவைக்காமல் போடாதீர்கள், கஞ்சி போட்ட விறைப்பு தோலை உறுத்தும்.

வலி வந்தால் சீரகத் தண்ணீர் குடித்து நடந்து பார், அடங்கினால் சூட்டு வலி என்பார்கள். நடந்தால், படுத்தால் அடங்குவது சூட்டு வலிதான். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தால் வலியே இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அவசரம். ரத்தம் பட்டாலும் அப்படியே. 37 வாரம் நிறையாமல் வலி வந்தால் கணக்குப் பார்க்காமல் உடனே போங்கள். வண்டிக்கு 108.

துடிப்பு குறைவாகத் தோன்றினால் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டால் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது கூடாது.

என்ன குழந்தை என்று ஸ்கேனில் கேட்டுச் சொல்லச் சொல்கிறார்கள் வீட்டில்.
– பெயர் வேண்டாம்

கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம். ஸ்கேன் அறை வாசலிலேயே பலகை இருக்கும், அதைக் காட்டிவிடுங்கள்.

பிறந்ததும் சேனை வைப்பது எங்கள் வழக்கம். பெரியப்பா கையால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் தூளியில் போடலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பெரியப்பா ஆசீர்வாதம் செய்யட்டும், வாயில் எதையும் வைக்க வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான். மஞ்சளாக, சில துளிதான் வரும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். சர்க்கரைத் தண்ணீர் கிருமியையும் கொண்டுவரும், பசியையும் அடக்கிவிடும், குழந்தை மார்பைத் தேடாது. தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது.

தூளியில் சிக்கல் அதன் வளைவுதான். கழுத்து நிற்காத குழந்தையின் தாடை மார்பில் முட்டி மூச்சுக்குழல் மடங்கும். ராத்திரித் தூக்கம் கெட்டியான சமமான படுக்கையில், மல்லாக்க, தலையணை இல்லாமல். பகலில் அழுகையை அமர்த்தத் தூளி கட்டினால் சேலையின் இரு பக்கமும் விரிந்து நிற்கத் தொட்டில் கட்டை கொடுங்கள். அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் போக வேண்டாம். பக்கத்தில் ஒருவர் கண் எடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தூங்கியதும் எடுத்துப் படுக்கையில் போட்டுவிடுங்கள். கொக்கி கான்கிரீட்டில் இறங்கியிருக்கிறதா, வெறும் பூச்சில் நிற்கிறதா என்று குழந்தை வருவதற்கு முன்பே ஒரு அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள்.