பனியன் கம்பெனிக்குத் தணிக்கை குறையுமா?

கேள்வி: நிறுவனங்களின் மனித உரிமை, சுற்றுச்சூழல் பொறுப்புகள் குறித்த சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் தளர்த்திவிட்டதாகவும், இனி ஏற்றுமதியாளர்களுக்குத் தணிக்கைத் தொல்லை இராது என்றும் எங்கள் வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதானா?
- வாசகர், திருப்பூர்

பதில்: பாதி உண்மை. 2024-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம், ஆயிரம் பேருக்கு மேல் பணியாற்றும், 45 கோடி யூரோவுக்கு மேல் ஆண்டு விற்பனையுள்ள ஐரோப்பிய நிறுவனங்கள், தம் சரக்கு எந்த நாட்டில் உருவானாலும் அங்கே கொத்தடிமை முறையோ குழந்தை உழைப்போ நச்சுக் கழிவோ உண்டா என்று தாமே தேடிப் பார்த்துச் சரிசெய்யவேண்டும் என்றது. 2025 டிசம்பரில் எட்டப்பட்டு, ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஏற்ற உடன்பாடு அந்த வரம்பை 5,000 பணியாளர்கள், 150 கோடி யூரோ என உயர்த்தி, நடைமுறைக்கு வரும் நாளை 2029 ஜூலைக்குத் தள்ளிவைத்தது. பருவநிலைத் திட்டம் வகுக்கும் கடமையும் நீங்கியது.

காகிதச் சுமையால் போட்டித்திறன் குன்றுகிறது என்பது தளர்வு கேட்டவர்களின் வாதம். (எரிவாயு விற்கும் கத்தாரும் அமெரிக்காவும் அதே குரலில் பேசியதை அக்கறை என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.) அந்த வாதத்தை முழுதும் தள்ளிவிட முடியாது. ஐயாயிரம் பேருக்குக் குறைவான கம்பெனிகளிடம், வேறு வழியில் கிடைக்காத தகவலை மட்டுமே கேட்கவேண்டும் என்ற புதிய விதியால் உங்களுக்கு வரும் கேள்விப்பட்டியல்கள் ஓரளவு குறையலாம். ஆனால் பையர், அதாவது உங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனம், அனுப்பும் தணிக்கையாளர் வருவது பெரும்பாலும் ஆர்டர் ஒப்பந்தத்தின்படியே; இந்தச் சட்டத்தால் அன்று. ஆகவே அவர் தொடர்ந்து வருவார்.

உண்மையில் பறிபோனது வேறொன்று. நிறுவனத்தின் அலட்சியத்தால் பாதிக்கப்பட்ட தொழிலாளி ஐரோப்பிய நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க ஒன்றியம் முழுமைக்கும் பொதுவாக இருந்த வழி நீக்கப்பட்டு, இனி அது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்ததாயிற்று. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ராணா பிளாசா கட்டடத்தில் இயங்கிய சில ஆலைகள், தொழிலாளர் நிலைமையைச் சோதிக்கும் சமூகத் தணிக்கைக்கு முன்பே உட்பட்டிருந்தன. தணிக்கை நாளன்று மட்டும் அவசரவழிக் கதவின் பூட்டைக் கழற்றுவதும், ஓவர்டைமுக்கு இரண்டாவது பதிவேடு வைப்பதும் தொழிலில் பழகியவர்களுக்குப் புதிய செய்தியல்ல. அந்தப் பதிவேட்டைக் கண்டு நிறுவனம் அஞ்சவில்லை. நீதிமன்றத்தைக் கண்டு அஞ்சியிருக்கும்.

உங்கள் பக்கத்து மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய 2022-ஆம் ஆண்டுத் திண்டுக்கல் ஒப்பந்தம் வேறு வழியில் சென்றது. பெண் தொழிலாளர்மீதான வன்முறையைத் தடுக்க, தொழிற்சங்கமும் ஆலையும் ஐரோப்பிய பையரும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. தையல் தளத்தில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸின் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை.