எந்த யோகா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. மென்பொருள் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். யோகா கற்கலாம் என்று தேடினால் ஹட யோகா, அஷ்டாங்க, ஐயங்கார், சிவானந்தா, ஹாட் யோகா என்று தலை சுற்றுகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு எது ஏற்றது? திருமூலர் சொன்ன அசல் யோகா இதில் எது? என்ன பாய் வாங்கலாம்? இப்போதைக்கு யூடியூப் பார்த்துச் செய்கிறேன். நான்காம் நாளே சுவரோரம் சிரசாசனம் வந்துவிட்டது. கழுத்துதான் லேசாகப் பிடித்திருக்கிறது. (பி.பி. மாத்திரை எடுக்கிறேன். அதனால் ஏதும் பிரச்சினை உண்டா?)

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதுதான் கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். பி.பி. மாத்திரை போடுகிறவர், பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லாமல், நான்காம் நாளே தலைகீழாக நிற்கிறார். கழுத்து பிடித்ததைக் கோப்பை வாங்கியதுபோல எழுதுகிறார். இன்றோடு அதை நிறுத்துங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது.

பாய் வழுக்காமல் இருந்தால் போதும். நீங்கள் எழுதிய சிவானந்தா யோகாவுக்குப் பேர் தந்த சிவானந்தர் பிறந்த ஊர் கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை. பாய்க்கும் யோகாவுக்கும் எனக்குத் தெரிந்த சம்பந்தம் அவ்வளவுதான். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை எடுத்துப் பாருங்கள், ஆசனத்துக்குச் சில பாடல்களே இருக்கும். மிச்சமெல்லாம் மூச்சும் மனமும். அசல், நகல் சண்டைக்கு நான் வரவில்லை. ஹாட் யோகா என்பது சுமார் 40 டிகிரி வெப்பமூட்டிய அறையில் ஆசனங்களைச் செய்வது. மே மாதத்து வேலூரில் மொட்டை மாடிக்குப் போனால் இலவசமாகவே கிடைக்கும்.

சரி, மற்றவை. ஹட யோகா என்பது தனி வகை இல்லை, ஆசனம் சார்ந்த எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். நீங்கள் எழுதிய அஷ்டாங்கவும் ஐயங்காரும் ஒரே வாத்தியாரிடமிருந்து வந்தவை. அவர் கிருஷ்ணமாச்சாரியார். 1930களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்கே வந்தவர்கள் துள்ளித் திரிகிற பையன்கள். ஓரிடத்தில் நிற்காத பையனுக்கு என்ன கொடுப்பீர்கள்? குதித்துப் பின்னால் போ, குதித்து முன்னால் வா, ஒவ்வொன்றுக்கும் மூச்சைக் கணக்குவை. அந்த மரபில் வந்த பட்டாபி ஜோயிஸின் வரிசைதான் இன்று அஷ்டாங்க.

கிருஷ்ணமாச்சாரியாருடைய மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார், 1918இல் பிறந்தவர். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடிபட்ட உடம்பு. அவர் பிறகு புனேயில் பள்ளி நடத்தியபோது நாற்காலி, மரக்கட்டை, பெல்ட், சுவரில் கயிறு எல்லாம் வந்தன. குனிந்தால் கை தரையைத் தொடவில்லையா, கைக்கடியில் கட்டையை வை. 1950களில் கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்தார். இங்கே நோயாளிகளும் நடுவயதுக்காரர்களும் தனித்தனியாக வந்தார்கள். ஆளுக்கேற்ற பயிற்சி, மூச்சோடு சேர்ந்த மெதுவான அசைவு. மகன் தேசிகாச்சார் எடுத்துக்கொண்டு போனது அதை.

எந்த வகை, எந்த வகை என்று கேட்கிறீர்களே, வகைகள் பிறந்தது எதிரே நின்ற உடம்பிலிருந்து. மைசூர்ப் பையனுக்குத் தைத்த சட்டையை 41 வயதில், எட்டு மணி நேரம் நாற்காலியில் மடங்கிக் கிடக்கும் முதுகில் மாட்டினால் கிழியாதா? உங்கள் யூடியூப் மாஸ்டர் உங்களைப் பார்த்ததே இல்லை.

பார்த்தும் பார்க்காத மாஸ்டர்கள் உண்டு. எனக்கு 38 வயதில் முதுகுவலி வந்து, ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பத்து நாள் வகுப்பில் சேர்ந்தேன். அறுபது பேர். இரண்டாம் நாள் மேடையிலிருந்து மைக்கில் சர்வாங்காசனம். ‘இன்னும் மேலே, இன்னும் மேலே.’ பக்கத்தில் இருந்தவர் கால் போன உயரத்துக்கு என் காலும் போக வேண்டும் என்ற வீம்பு. கழுத்தில் ‘கடக்’ என்றது. இரண்டு மாதம் ஸ்கூட்டரில் பின்னால் பார்க்க இடுப்போடு திரும்பினேன்.

அப்புறம் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரிடம் கூட்டிப்போனார். ஜமக்காளத்தில் படுக்கச் சொன்னார். மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். ஆறு தடவை. மூன்று வாரத்துக்கு அவ்வளவுதான். இதற்கா சைக்கிள் மிதித்து வந்தேன் என்று இருந்தது. அவர் மட்டும் ஏதோ தேர்வுத்தாள் திருத்துவதுபோலப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ கேட்டார்: “இடது கை ஏன் தம்பி கடைசியில அவசரப்படுது?”

அதுவரை எனக்குத் தெரியாது. வலது கை மூச்சோடு வரும். இடது கை பாதி வழியில் தயங்கி, மூச்சு முடியும்போது தொப்பென்று விழும். முதுகில் வலி இருந்ததும் இடது பக்கம்தான். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் காலையில் படுத்தால் அந்தக் கையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

உங்கள் கேள்வி? ஐயங்கார் முறை தெரிந்தவரோ, ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சொல்லித்தருபவரோ பக்கத்தில் கிடைத்தால் போங்கள். முதல் நாளே மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள், அடைப்புக்குறி இல்லாமல். கழுத்து சரியாகி, டாக்டரும் சரி என்றால், அப்படி ஒருவர் கிடைக்கும்வரை அந்த ஆறு தடவையைச் செய்துபாருங்கள். எந்தக் கை முந்துகிறது என்று எனக்கு எழுதுங்கள்.