யூஎஸ்ஆர் ஃபோல்டர் ஓனரை மாத்தினதும் சூடோ போச்சு: பதில்

உபுண்டுவில் யூஎஸ்ஆர் (சிஸ்டம் புரோகிராம்கள் இருக்கிற ஃபோல்டர்) ஓனரை மாத்தினதும் சூடோ (அட்மின் அதிகாரத்தில் கமாண்டை ஓட்டுறது) வேலை செய்யலை, சரி பண்ண முடியுமான்னு கேட்டிருக்கீங்க. சரி பண்ணலாமுங்க, ஆனா இப்ப இருக்கிற லாகினில் இருந்து முடியாது. உபுண்டுவை ரெக்கவரி மோடில் திறக்கணும்.

பிரிண்டர் ஃபைல் ஒண்ணை காப்பி பண்ணத்தான் யூஎஸ்ஆர் முழுசையும் உங்க பேருக்கு மாத்துனேன்னு எழுதியிருக்கீங்க. சூடோ ஃபைலுக்கு ஓனர் ரூட்டா (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் கணக்கு) இருக்கணும், செட்யூஐடி பிட்டும் (யாரு ஓட்டுனாலும் ஓனரோட அதிகாரத்தில் ஓட வைக்கிற குறி) வேணும். ஓனரை மாத்துனா லினக்ஸ் பாதுகாப்புக்காக அந்த பிட்டையும் எடுத்துரும். அதனால ரெண்டுமே போயிருக்கும்.

ரூட் டெர்மினல் ஏதாவது திறந்து கிடந்தா மூடிராதீங்க, நேரா மூணாவது படியை அதிலேயே பண்ணுங்க.

1. ரீஸ்டார்ட் பண்ணி ஷிஃப்ட் (புது மெஷின்னா எஸ்கேப்) அழுத்துங்க. கிரப் மெனுவில் (மெஷின் ஸ்டார்ட் ஆகறப்போ வர்ற மெனு) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ரெக்கவரி மோடு, ரூட்னு வரிசையா தேர்ந்தெடுங்க.
2. டிஸ்க் ரீட் ஒன்லியா (எழுத முடியாம) இருந்தா ரீட் ரைட்டா ரீமவுண்ட் பண்ணுங்க.
3. யூஎஸ்ஆர் முழுசுக்கும் ஓனர், குரூப் ரெண்டையும் ரூட்டுக்கு மாத்துங்க. அதுக்கப்புறம்தான் சூடோ ஃபைலுக்கு 4755 பெர்மிஷன் போடணும் (முதல் 4தான் செட்யூஐடி பிட்). வரிசை மாறுனா பிட் மறுபடியும் போயிரும்.

சூடோ ஃபைலை லாங் லிஸ்டிங்கில் (எல்எஸ் -எல்) பாருங்க. பெர்மிஷன் வரியில் நாலாவது எழுத்து எக்ஸா இருந்தா இன்னும் சரியாகலை, எஸ்ஸா இருக்கணும்.

சூடோ வந்துட்டா எல்லாம் சரின்னு விட்டுராதீங்க. எஸ்யூ (வேற யூசரா மாறுறது), மவுண்ட் (டிஸ்கை இணைக்கிறது), பாஸ்வேர்டு மாத்துற கமாண்டுக்கும் அந்த பிட் போயிருக்கும்; கிரான்டேபுக்கு (நேரம் குறிச்சு வேலை ஓட்டுற கமாண்டு) குரூப்பே வேற. அந்தந்த பேக்கேஜை ஆப்டில் (உபுண்டுவில் பேக்கேஜ் போடுற கமாண்டு) ரீஇன்ஸ்டால் பண்ணா பழைய பெர்மிஷன் திரும்பும். அவசரத்துக்கு 777 மட்டும் போட்டுராதீங்க, யாரு வேணாலும் சிஸ்டம் ஃபைலைத் திருத்தலாம்னு ஆயிரும்.

திருப்பூர் பனியன் ஆபீஸ் மெஷின், நூல் கணக்கும் ஷிப்மெண்ட் பேப்பரும் அதிலேதான்னு சொல்றீங்க. ஒண்ணொண்ணா தேடித் திருத்துறதை விட, ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு எடுத்துட்டு உபுண்டுவைப் புதுசா போட்டுருங்க, அதுதான் என் யோசனை. அடுத்த தடவை பிரிண்டர் ஃபைல் ஒண்ணை மட்டும் சூடோ போட்டு காப்பி பண்ணா போதுமுங்க.