கிணற்றில் எண்ணெய்ப் படலம்: பெயர் பதிய வந்தவருக்குக் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு உடுவில் பக்கம், சுன்னாகத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் அளவு தூரம். போன மாரி மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம் நிற்கிறது. போன கிழமை ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கப்பல் வழக்கில் பில்லியன் கணக்கில் நட்டஈடு தீர்த்ததுபோலக் கிணற்றுக்காரருக்கும் எடுத்துத் தருவாராம். 7,500 ரூபாய், அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதிப் பிரதி, இரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்கிறார். எங்கள் ஒழுங்கையில் ஏழெட்டு வீட்டார் கொடுத்துவிட்டார்கள். "கம்பனிக்காரன் தண்ணீரைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டான், ஒருவனும் மறியலுக்குப் போகவில்லை, கிடைக்கிறதையாவது வாங்குவோம்" என்று மாமாவும் கையெழுத்து வைக்க நிற்கிறார். என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் மாமாவின் கையிலிருக்கும் பேனாவை வாங்கி வையுங்கள். அவருடைய கோபம் நியாயமானது. அதைத்தான் அந்த மோட்டார் சைக்கிள்காரர் விலைக்கு வாங்க வந்திருக்கிறார்.

அவர் கேட்டவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். அடையாள அட்டைப் பிரதி, உறுதிப் பிரதி, வெற்றுத் தாளில் கையெழுத்து. கிணற்று வழக்குக்கு இந்த மூன்றும் ஒன்றாகத் தேவைப்படவே மாட்டா. காணி மோசடிக்கு இந்த மூன்றும் போதும். யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யும் எந்தச் சட்டத்தரணியைக் கேட்டாலும், யாரோ ஒருவரின் பெயரில் முளைத்த அற்றோனித் தத்துவம் (ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) பற்றி ஒரு கதை வைத்திருப்பார். பிள்ளைகள் கனடாவில், காணி இங்கே, இடையில் ஒரு கையெழுத்து. வெற்றுத் தாளின் மேற்பாதியில் பிறகு என்ன தட்டச்சுச் செய்யப்படும் என்று மாமாவுக்குத் தெரியாது. "எனது கோரிக்கை அனைத்தும் தீர்க்கப்பட்டது, இனி வழக்குத் தொடரமாட்டேன்" என்றுகூட வரலாம். வழக்குக்குப் போகிற சட்டத்தரணி உங்களை நேரில் பார்ப்பார், எழுதியதை வாசித்துக் காட்டுவார், அதற்குப் பிறகுதான் கையெழுத்துக் கேட்பார். வாங்கும் காசுக்குப் பற்றுச்சீட்டுத் தருவார். தராதவரிடம் போகாதீர்கள், அவர் என்னுடைய தொழிலைச் செய்பவராக இருந்தாலும்.

சரி, அவர் காட்டிய ஆசைக்கு வருவோம். சுன்னாகத்தில் மின் நிலையம் நடத்திய கம்பனியின் கழிவெண்ணெய் கிணறுகளைக் கெடுத்தது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையை வைத்து, நோர்தேர்ன் பவர் என்ற அந்தக் கம்பனி 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பெரிய தீர்ப்புத்தான், சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறைந்தது 500 பேருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கென்று சொன்ன தொகை அது. 500 ஆல் பிரித்தால் ஆளுக்கு 40,000 ரூபாய். ஒரு கிணற்றை ஒழுங்காக இறைத்துச் சேறு வாரித் துப்புரவாக்க இன்றைக்குக் கூலி கேட்டுப் பாருங்கள், அந்தத் தொகை எதற்குக் காணும் என்று தெரியும். இதில் முன்கூட்டியே 7,500 ரூபாயைத் தரகருக்குக் கொடுக்கப் போகிறீர்கள். முடிந்துபோன வழக்கில் காசு வாங்கிக்கொண்டு புதிதாகப் பெயர் சேர்க்க அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

அந்த "பில்லியன்" கதையும் அப்படித்தான். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் தீப்பிடித்தது 2021 மே மாதம். உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் கட்டச் சொன்னது 2025 யூலை 24 ஆம் திகதி. கப்பல் கம்பனி கட்டமாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 2023 இல், லண்டன் நீதிமன்றம் ஒன்று அந்தக் கப்பல்காரரின் பொறுப்பை ஏறக்குறைய 1.9 கோடி பவுணுக்குள் கட்டுப்படுத்தியிருந்தது. பத்திரிகையில் வருகிற தொகைக்கும் மீனவனின் கைக்கு வருகிற காசுக்கும் இடையில் இவ்வளவு கடல் கிடக்கிறது. இதில் உங்கள் கிணற்றுக்கு ஒரு தொடர்பும் இல்லை. அது கடல், இது நிலத்தடி நீர், சட்டமும் வேறு.

கையெழுத்து வாங்கும் வித்தை இங்கே மட்டும் உள்ளதில்லை. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் பிபி கம்பனியின் எண்ணெய்க் கிணறு வெடித்து 11 தொழிலாளர் இறந்தார்கள். எண்ணெய் மூன்று மாதம்வரை கடலில் ஓடியது. ஊரே கொதித்தது. கம்பனி 2,000 கோடி டொலர் நிதி ஒன்றை ஒதுக்கியது. அதிலிருந்து கொடுத்த ஒரு வகைக் கொடுப்பனவுக்கு "உடனடி இறுதிக் கொடுப்பனவு" என்ற மாதிரிப் பெயர். தனி ஆளுக்கு 5,000 டொலர், தொழில் நிறுவனத்துக்கு 25,000 டொலர், நட்டக் கணக்கு எதுவும் காட்டத் தேவையில்லை. ஆனால் இனி வழக்குத் தொடரமாட்டேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டுக் கடன் கழுத்தை நெரித்த இறால் பிடிகாரர் வைத்தார்கள். அடுத்த வருடமும் இறால் படாவிட்டால் கேட்க வழியில்லை. அங்கே கம்பனி செய்ததை இங்கே மோட்டார் சைக்கிளில் வருபவர் செய்கிறார். அங்கே காசு கொடுத்து வாங்கினார்கள், இவர் நீங்களே காசு கொடுத்துக் கையெழுத்தும் வைக்க வேண்டும் என்கிறார்!

இனி உங்கள் கிணறு. படலம் என்றால் எல்லாம் எண்ணெய் இல்லை. ஒரு வாளி தண்ணீரை நிழலில் அசையாமல் வைத்து, மேலே நிற்கும் படலத்தை ஓர் ஈர்க்கால் கீறிப் பாருங்கள். கண்ணாடி ஓடு உடைந்ததுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால், அது பெரும்பாலும் இரும்புச் சத்தில் வளரும் பக்டீரியா. கீறிய இடம் உடனே வழிந்து மூடி, நிறங்கள் சுழன்றால் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம்.

அப்புறம், கோபிக்கக் கூடாது, உங்கள் தண்ணீர் இறைக்கும் மெசினைப் பாருங்கள். மண்ணெண்ணெய் மெசின் கிணற்றுக் கட்டில் நிற்கிறதா? அதற்கு எண்ணெய் விடும்போது சிந்துகிறதா? மழை அடித்தால் அது நேரே கிணற்றுக்குள்தான் போகும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போகிற கேள்வி இது. அதை நீங்களே இன்றைக்குக் கேட்டு, மெசினைத் தள்ளி வைத்து, இரண்டு கிழமை பாருங்கள்.

அப்போதும் படலம் நின்றால் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தால் எண்ணெய் போகாது. குளோரின் போட்டாலும் போகாது. "மூன்று நாள் விடாமல் இறைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். எங்கள் ஊர் சுண்ணாம்புக் கல். கல்லுக்குள் வெடிப்பும் பொந்துமாகக் கிணற்றுக்குக் கிணறு தொடுப்பு இருக்கிறது. நீங்கள் வேகமாக இறைத்தால் பக்கத்து வளவில் நிற்கும் அழுக்கு உங்களிடம் வரும். சுன்னாகத்தில் ஓரிடத்தில் விட்ட கழிவெண்ணெய் கிராமம் கிராமமாகப் பரவியதும், சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றதும் இந்தக் கல்லின் குணத்தால்தான்.

பரிசோதனைக்கு வருவோம். கிணற்றுத் தண்ணீருக்குச் சாதாரணமாகச் செய்யும் பரிசோதனையில் நைத்திரேற்று, உப்பு, மலக் கிருமி இவற்றைத்தான் பார்ப்பார்கள். ரிப்போட் நன்றாக வரும், எண்ணெயை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "எண்ணெயும் கிறீசும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் முதலில் விசாரியுங்கள்.

போத்தல் விசயத்தில் நான் ஒருமுறை சூடு கண்டவன். பல வருடத்துக்கு முன், ஒரு கராஜுக்கு எதிராக வந்த வழக்கு. கட்சிக்காரர் தானே தண்ணீர் எடுத்து ஆய்வுக்குக் கொடுத்திருந்தார், ரிப்போட்டில் எண்ணெய் நல்லாகவே இருந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எடுத்த போத்தலில் அதற்கு முதல் என்ன வைத்திருந்தீர்கள்?" என்னுடைய ஆள் பொய் சொல்லத் தெரியாத மனுசன். "மண்ணெண்ணெய் ஐயா, ஆனால் நல்லாய்க் கழுவினேன்" என்றார். நீதவானும் சிரித்துவிட்டார்.

ஆகவே ஆய்வுகூடம் தருகிற கண்ணாடிப் போத்தலில் மட்டும் எடுங்கள். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், ரிப்போட்டில் குறைந்து காட்டும். போத்தலுக்குள் கொஞ்சம் அமிலம் விட்டுத் தந்திருப்பார்கள், அதைக் கழுவி ஊற்றக் கூடாது, நிரம்பி வழியவும் விடக் கூடாது. குழாயில் பிடிக்காமல், அமிலம் போகாதபடி கிணற்றிலிருந்து எப்படி எடுப்பது என்று ஆய்வுகூடத்தாரிடமே கேட்டு எடுங்கள். குளிர்ப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். எடுக்கும்போது கிராம சேவையாளரும் அயலவர் இருவரும் நிற்கட்டும். திகதி, நேரம் எழுதி மூவரும் கையெழுத்து வைக்கட்டும். கையெழுத்து என்றால் இந்த இடத்தில் தாராளமாக வைக்கலாம்.

இனிக் காலம். கம்பனியிடம் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சுன்னாகம் வழக்குப்போல அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரே ஒரு மாதம். அது தனியாகக் கம்பனிக்கு எதிரான வழக்கும் அல்ல. கண்காணிக்க வேண்டிய அரச அதிகாரிகள் கடமையைச் செய்யவில்லை என்பதுதான் அதன் அச்சாணி. கம்பனி அதற்குள் சேர்ந்து வரும்.

ஒரு மாதத்தில் சாதாரண சனம் கொழும்புக்கு எங்கே போவது? இதற்கு ஒரு விலக்கு உண்டு, இதைக் கவனமாக வாசியுங்கள். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் இருக்கிறது, செலவும் இல்லை. ஆனால் சனம் பிழைவிடுவது இங்கேதான். முறைப்பாட்டு இலக்கம் கிடைத்ததும் நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்டு என நீதிமன்றம் கேட்டு மனுக்களைத் தள்ளியிருக்கிறது. ஆகவே கார்த்திகை 5 ஆம் திகதி ரிப்போட் கையில் கிடைத்தால், மார்கழி 5 வரை காத்திராமல் அந்தக் கிழமையே முறைப்பாட்டைக் கொடுங்கள். விசாரணை தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை என்று எழுத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். தராவிட்டால் திரும்பப் போய்க் கேளுங்கள். மூன்றாம் முறையும் போங்கள். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. உங்கள் படலம் போன மாரியிலிருந்தே நிற்பதால், நாளை எங்கிருந்து எண்ணுவது என்று ஒரு வாதம் வரும். ரிப்போட் வந்த நாளைப் பிடித்து வாதாடலாம், வெல்லும் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். என்ன நடக்கும் என்று நானே சொல்கிறேன். அவர்கள் நீர் வழங்கல் சபையைக் கேட்கச் சொல்வார்கள். சபை பிரதேச செயலகத்தைக் காட்டும். செயலகம் பிரதேச சபையைக் காட்டும். பிரதேச சபை, இது சுற்றாடல் அதிகார சபையின் விசயம் என்று எழுதும். சுன்னாகத்தில் ஒரு அறிக்கை கிணறுகளில் எண்ணெய் இருக்கிறது என்றது, மாகாண சபை நியமித்த நிபுணர் குழு ஆபத்தான அளவில் இல்லை என்றது, நடுவில் சனம் வீதியில் இருந்தது. அதிலிருந்து யாராவது எதையாவது படித்திருப்பார்கள் என்று நம்பத்தான் ஆசை. இருந்தாலும் கடிதத்தைப் போடுங்கள். பதில் வராததும் வழக்கில் ஒரு சாட்சி. உங்கள் பகுதிக் கிணறுகளில் ஏற்கெனவே எடுத்த பரிசோதனை முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். வழக்குக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே 7,500 ரூபாய் கேட்கமாட்டார்கள்.

ஏற்கெனவே கொடுத்த ஏழெட்டு வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள். எல்லாரும் ஒன்றாகப் போய்த் தாள்களைத் திருப்பிக் கேளுங்கள், தனித்தனியே போனால் சாட்டுச் சொல்வார். தராவிட்டால் அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு போடுங்கள். முறைப்பாட்டில் காசை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். எத்தனை வெற்றுத் தாள், எந்தத் திகதி, எந்தக் காணியின் உறுதிப் பிரதி என்று எழுதுவித்துப் பிரதி வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களின் காணி உறுதியையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் இருந்தால், காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பக்கத்தை ஒருமுறை தேடிப் பார்க்கட்டும்.