நகையை எடுக்கும் முன் அந்த 1,800 வெள்ளிக் கணக்கைப் பாருங்கள்

ஐயா, வணக்கம்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த மகனுக்குச் சிங்கப்பூரில் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் உள்ளவர்களுக்கான வேலை அனுமதி) வேலை, மொத்தம் நாலரை லட்சம், அதில் ஒரு லட்சத்தை இந்த வாரத்துக்குள் கட்ட வேண்டும், அதற்காக நகையை அடகு வைக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நகை இன்னும் ஒரு வாரம் பீரோவிலேயே இருக்கட்டும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது நாலரை லட்சம் இல்லை. ஏஜென்ட் சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான்: "பேப்பர்ல சம்பளம் கூடக் காட்டுவாங்க, கையில 1,800 வெள்ளி வரும்." வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்.

எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து புது விண்ணப்பம் போட்டால் மாதச் சம்பளம் குறைந்தது 3,300 வெள்ளி இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு பாஸ் தராது. அப்புறம் 1,800 எங்கிருந்து வந்தது? கம்பெனி 3,300 என்று எழுதிக்கொடுக்கும், வங்கிக் கணக்கிலும் போடும், பிறகு 1,500 வெள்ளியை உங்கள் மகனிடமிருந்து ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அங்கே இது குற்றம், முதலாளிக்குச் சிறைகூட உண்டு. ஆனால் தெரிந்தே ஒத்துக்கொண்ட பையனும் மாட்டிக்கொள்ளலாம். பாஸ் போகலாம், மறுபடி அந்த நாட்டில் வேலைக்குப் போவதே கஷ்டமாகிவிடலாம்.

மாதம் 1,500 என்றால் இரண்டு வருடத்துக்கு 36,000 வெள்ளி. ஒரு வெள்ளியை 60 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 21 லட்சத்துக்கு மேல் வருகிறது. நீங்கள் நாலரை லட்சத்தைப் புரட்டுவது எப்படி என்று தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள். அதைப்போல நாலு மடங்குக்கு மேல் மகனின் உழைப்பிலிருந்து போகப் போகிறது.

இந்தச் சங்கிலி எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். சிங்கப்பூர் கம்பெனிக்கு ஆள் வேண்டும். ஊர் ஊராக வந்து தேட அதற்கு நேரம் இல்லை. அங்கே உரிமம் பெற்ற ஒரு ஏஜென்சியிடம் சொல்லும். அது சென்னையிலோ திருச்சியிலோ உள்ள ஏஜென்டிடம் சொல்லும். அவர் உங்கள் ஊர் சப்-ஏஜென்டிடம் சொல்வார். ஒவ்வொரு கை மாறும்போதும் தொகை ஏறும். சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு அந்த நாட்டுச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது: வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு அனுப்பினால் அதில் பாதியைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் இந்த வரம்பு அந்த ஊர் ஏஜென்சிக்குத்தான். இங்கே வசூலாகும் பணம் அந்தக் கணக்கில் வராது.

இங்கே வேறு சட்டம். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாய் வாங்கலாம், ஜி.எஸ்.டி சேர்த்தால் 35,400. அதற்கு ரசீதும் தர வேண்டும். சப்-ஏஜென்ட் என்று ஒருவரைச் சட்டம் ஒத்துக்கொள்வதே இல்லை. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு, பத்தாவது முடிக்காதவர்கள் குடியேற்ற அனுமதி வாங்கித்தான் வேலைக்குப் போக முடியும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அதனால் ஏஜென்ட் யார், எவ்வளவு வாங்கினார் என்று விமான நிலையத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

லெவி (வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அங்கே அரசுக்குக் கட்டும் மாதக் கட்டணம்), மருத்துவ இன்சூரன்ஸ் என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டும் முதலாளி கட்ட வேண்டியவை. "பாண்டு பணம்" என்றால் இன்னும் உஷாராகுங்கள். 5,000 வெள்ளி பாண்டு (அரசுக்குத் தரும் உத்தரவாதம்) ஒர்க் பெர்மிட்டுக்கு, அதாவது எஸ் பாஸுக்குக் கீழ்நிலை வேலை அனுமதிக்கு உரியது, அதையும் முதலாளிதான் கட்டுவார். எஸ் பாஸுக்கு அது கிடையவே கிடையாது.

டெஸ்ட் அடித்து (வேலைத் திறன் தேர்வில் தேறி) ஒர்க் பெர்மிட்டில் போகவிருந்த ஒரு பையன் என்னிடம் வந்தான். அமைச்சு தரும் ஐ.பி.ஏ கடிதத்தின் (வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல்) முதல் பக்கத்தை மட்டும் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முழுசாக அனுப்பச் சொன்னோம், தமிழ்ப் பக்கமும் வந்தது. மாதக் கழிவு (சம்பளத்தில் பிடித்தம்) என்ற இடத்தில் தங்குமிடத்துக்கு என்று ஒரு பெரிய தொகை. "தங்க இடம் ஃப்ரீன்னு சொன்னாங்களே சார்" என்று திரும்பத் திரும்ப அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, கடைசித் தவணை இன்னும் கட்டவில்லை.

எல்லா ஏஜென்டும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஒழுங்காக ஆள் அனுப்பி, போன பிறகும் போன் எடுத்துப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்.

நாளைக்கு அவரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "உங்கள் பதிவு எண் என்ன? சிங்கப்பூர் ஏஜென்சியின் உரிம எண் என்ன? கம்பெனி பெயர், சம்பளம் எழுதிய கடிதம் எங்கே?" பதிவு எண்ணை நம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சிங்கப்பூர் ஏஜென்சியை அந்த நாட்டு மனிதவள அமைச்சின் தளத்தில் தேடுங்கள். விண்ணப்பம் உண்மையிலேயே போட்டிருக்கிறார்களா என்று மகனின் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி வைத்து அங்கேயே பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து நடக்கிறது. அதிலும் மகன் பெயரைப் பதிந்து வையுங்கள்.

1,800 வெள்ளி பேச்சை ஏஜென்ட் மறுபடி எடுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கடிதம் ஏதாவது கையில் கிடைத்தால் எல்லாப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலை வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிடுவோம்.